கையிலிருந்து கைக்கு: கோல்காப்பாளருக்கு எறியும் த்ரோவும் கண்டியின் இரண்டு பந்தாட்டங்களும்

உதைபந்தாட்ட விதிப் புத்தகத்தின் 12ஆம் விதியைப் பொறுமையாக வாசிப்பவர்கள் குறைவு. கண்டிப் பக்கத்து மைதானங்களில் அதை வரிவரியாகத் தெரிந்திருக்க வேண்டியவர் மத்தியஸ்தர் ஒருவர்தான் என்றே எல்லோரும் நினைக்கிறோம். கோல்காப்பாளர் தன்னுடைய பெனல்டி எல்லைக்குள்ளேயே பந்தைக் கையால் தொடக்கூடாத சந்தர்ப்பங்கள் அந்த விதியில் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் இரண்டு இந்தக் கட்டுரைக்கு வேண்டியவை. சக வீரர் வேண்டுமென்றே காலால் உதைத்துக் கொடுத்த பந்தைத் தொடக்கூடாது. சக வீரர் எறிந்த த்ரோவிலிருந்து நேராக வந்த பந்தையும் தொடக்கூடாது. இரண்டுக்கும் தண்டனை ஒன்றுதான்: எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக். ஆனால் முதலாவதில் ‘வேண்டுமென்றே’ என்ற சொல் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை.

அந்தச் சொல் ஏன் இல்லை? மேலோட்டமான விடை சுலபம். கால் வழுக்கும், பந்து தப்பிப் போகும். இரண்டு கையாலும் பிடித்து, தலைக்குப் பின்னாலிருந்து கொண்டுவந்து எறிந்தவன் ‘தெரியாமல் போய்விட்டது’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. மற்றப் பத்துப் பேருக்கும் கை அனுமதிக்கப்பட்ட ஒரே தருணம் த்ரோ. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கை அனுமதிக்கப்பட்ட ஒரே ஆள் கோல்காப்பாளர். இந்த இரண்டு சலுகைகளும் நேருக்கு நேர் சந்தித்தால், கால் படாமலே பந்து கையிலிருந்து கைக்குப் போய்விடும். உதைபந்தாட்டத்துக்குள் ஒரு சின்ன ரக்பி.

அந்த வழி 1997இல்தான் அடைபட்டது. அந்தத் தடையை நேரத்தை வீணாக்குவதற்கு எதிரான நடவடிக்கை என்று மட்டும் எழுதுவது வழக்கம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 19ஆம் நூற்றாண்டில் கையாட்டமும் காலாட்டமும் பாகம் பிரித்துக்கொண்டபோது முடிக்காமல் விட்ட வேலையின் கடைசித் துண்டுகளில் ஒன்று அது என்பதே என் வாதம். இதைக் கண்டியிலிருந்து பார்க்கும்போது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. கண்டியில் ‘மெட்ச்’ என்று வெறுமனே சொன்னால் அது ரக்பி மெட்ச்.

ஏரியை நிரப்பிய மைதானம்

போகம்பறை மைதானம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஏரி. வெள்ளைக்காரர் காலத்தில் அது நிரப்பப்பட்டது. பக்கத்தில் 1876இல் எழுந்த சிறைச்சாலை, எட்டிப் பார்க்கும் தூரத்தில் சந்தை, பஸ் நிலையம், ரயில் நிலையம். ஒரே புல்தரையில் ஒரு நாள் நீள்வட்டப் பந்தும் இன்னொரு நாள் உருண்டைப் பந்தும் உருண்ட இடம் அது.

கொழும்பிலிருந்து ரயில் கண்டிக்கு வந்தது 1867இல். டிரினிட்டி கல்லூரி 1872இலும் கண்டி விளையாட்டுக் கழகம் 1874இலும் தொடங்கின. எல். ஈ. பிளேஸ் 1891இல் ஆரம்பித்த பள்ளிக்கூடம் பின்னாளில் கிங்ஸ்வூட் கல்லூரி ஆனது. இலங்கைப் பாடசாலைகளுக்கு ரக்பியைக் கொண்டுவந்தவர் அவர்தான். அதிபர் ஏ. ஜி. ஃபிரேசரின் காலத்தில், 1906இல், டிரினிட்டியும் உதைபந்தாட்டத்தை விட்டு ரக்பிக்கு மாறியது. அதே ஆண்டு ஓகஸ்டில் போகம்பறையில் கிங்ஸ்வூட்டும் டிரினிட்டியும் மோதிய ஆட்டமே நாட்டின் முதல் பாடசாலை ரக்பிப் போட்டியாகச் சொல்லப்படுகிறது. 1945இல் றோயலுக்கும் டிரினிட்டிக்கும் இடையே பிராட்பி கேடயம் வந்தபிறகு இந்த ஊரின் மனசு எந்தப் பந்தின் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லாமல் போயிற்று. உதைபந்தாட்டம் மெல்ல மெல்லச் சுற்றுப்புறத்துக்கு நகர்ந்தது. கம்பளை, நாவலப்பிட்டி, தோட்டங்கள். இன்றைக்கு இந்த மாவட்டத்திலிருந்து நாட்டின் முதல்தர லீக்கில் ஆடிப் பெயர் வாங்கிய அப் கன்ட்ரி லயன்ஸ் கழகம் கண்டி நகரத்தினுடையது அல்ல, நாவலப்பிட்டியினுடையது.

இந்த ஊர்க்கதையை ஆண்டு மாறாமல் இங்கிலாந்து விதிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1863இல் இலண்டனில் கூடி எழுதிய முதல் விதிகளில் கோல்காப்பாளர் என்று ஒருவர் இல்லை. யாரும் பந்தைக் கையால் பிடிக்கலாம். சுத்தமாகப் பிடித்துக் குதிகாலால் தரையில் அடையாளம் வைத்தால் ஃப்ரீ கிக்கும் உண்டு. தூக்கிக்கொண்டு ஓடத்தான் கூடாது. 1866இல் அந்தப் பிடிக்கான சலுகை போனது. 1870இல் எல்லோருக்கும் கை தடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஒருவருக்கு மட்டும், தன் கோலைக் காப்பதற்காக, கை திருப்பிக் கொடுக்கப்பட்டது. அதே 1871இன் ஜனவரியில்தான் இங்கிலாந்தின் ரக்பி ஒன்றியம் அமைந்தது. கையாட்டக்காரர்கள் வீட்டை விட்டுப் போன ஆண்டிலேயே காலாட்டக்காரர்கள் வீட்டுக்குள் ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம். அடுத்த ஆண்டு டிரினிட்டி. அந்தப் பாகப்பிரிவினை முடிந்த கையோடுதான் இரண்டு பந்துகளும் மலையேறி வந்தன.

நேராக எறிந்த காலம்

ரக்பி பார்த்துப் பழகிய கண்டிக்காரருக்கு லைன்அவுட் தெரியும். எல்லைக்கோட்டிலிருந்து பந்தை இரண்டு அணிக்கும் நடுவே நேராக எறிய வேண்டும். கோணினால் விசில். 1863 விதியில் உதைபந்தாட்டத்தின் த்ரோவும் அப்படித்தான் இருந்தது. கோட்டுக்குச் செங்குத்தாக எறிய வேண்டும், பந்து தரையில் பட்டபிறகே ஆட்டம். யார் முதலில் பந்தைத் தொடுகிறாரோ அவரே எறிவார் என்பதால் பந்து வெளியே போனதும் இரண்டு பக்கமும் துரத்திக்கொண்டு ஓடின.

ரக்பி லைன்அவுட்டில் அந்த நேர்கோட்டை இன்றுவரை விடவில்லை. உதைபந்தாட்டம் 1877இல் விட்டது. செஃபீல்ட் சங்கத்தோடு இணக்கத்துக்கு வந்தபோது எந்தத் திசையிலும் எறியலாம் என்று ஆயிற்று. 1882 டிசெம்பரில் நான்கு பிரித்தானியச் சங்கங்களும் கூடியபோது இரண்டு கையாலும் எறிய வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. த்ரோவிலிருந்து நேராகக் கோல் போட முடியாது என்றது 1898. த்ரோவுக்கு ஓஃப்சைட் இல்லை என்றது 1920.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது 1877ஐத்தான். எந்தத் திசையிலும் எறியலாம் என்றால் பின்னாலும் எறியலாம். பின்னால் எறியலாம் என்றால் தன் கோல்காப்பாளருக்கும் எறியலாம். 1871 அவருக்குக் கையைக் கொடுத்தது, 1877 அந்தக் கைக்குப் பந்தைக் கொடுக்க வழி திறந்தது. அன்றைக்கு அவருடைய சலுகைக்கு இன்றிருக்கும் வேலியும் இல்லை. 1887இல் சொந்தப் பாதி முழுவதும் என்று எல்லை போட்டார்கள். வேல்ஸ் நாட்டுக் காப்பாளர் லீ ரிச்மண்ட் ரூஸ் பந்தைத் தட்டித் தட்டி மைதானத்தின் நடுவரை வந்துவிடுவார் என்றும், 1912இல் கை பெனல்டி எல்லைக்குள் ஒடுங்கியதற்கு அவரே காரணம் என்றும் கதை சொல்வார்கள். ஒரே ஆளுக்காக உலகம் முழுவதற்கும் விதி மாறியது என்பது நல்ல கதை. அதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அவருக்கு முன்பிருந்தே அந்தச் சலுகையைச் சுருக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

ஒவ்வொரு கதவாக

1997க்கு மூதாதை என்று எல்லோரும் காட்டுவது 1992ஐ. எனக்கு 1936 இன்னும் நெருங்கிய உறவாகத் தெரிகிறது. அதைப் பேசுபவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அதுவரை கோல் கிக் இப்படி நடக்கும்: பின்கள வீரர் பந்தை வைத்து, பக்கத்தில் நிற்கும் காப்பாளரின் கையில் மெதுவாகத் தட்டிவிடுவார். காப்பாளர் அதைப் பிடித்துக் கையிலிருந்து விட்டு ஓங்கி உதைப்பார். தரையிலிருந்து உதைப்பதைவிடத் தூரம் போகும், குறியும் தப்பாது. மழைநாளில் சேற்றில் புதைந்த கனத்த தோல் பந்தை நிலத்திலிருந்து கிளப்பிப் பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும். 1936இல் அது தடைப்பட்டது. பந்து பெனல்டி எல்லையைத் தாண்டினால்தான் ஆட்டம் என்றார்கள். அடுத்த ஆண்டு பெனல்டி எல்லைக்குள் எடுக்கும் ஃப்ரீ கிக்குக்கும் அதே தடை வந்தது.

நின்ற ஆட்டத்தை மீண்டும் தொடங்கும்போது பந்தைக் காப்பாளரின் கையில் கொடுத்துத் தொடங்கக்கூடாது என்ற கொள்கை ஆக 1937இலேயே இருக்கிறது. ஆனால் அதைக் கொள்கையாக யாரும் எழுதவில்லை. கதவு கதவாக மூடினார்கள். த்ரோ பெனல்டி எல்லைக்கு வெளியே எடுக்கப்படுவதால் அது கண்ணில் படவில்லை. அதோடு அன்றைக்கு அதில் பெரிய இலாபமும் இல்லை. காலாலேயே காப்பாளருக்குப் பந்தைக் கொடுக்கலாம் என்றிருக்கும்போது கையால் எறிவதற்கு யாருக்கு அவசரம்?

1990 உலகக் கிண்ணம் பொறுமையைச் சோதித்தது. பலேர்மோவில் அயர்லாந்தும் எகிப்தும் கோல் இல்லாமல் முடித்த ஆட்டத்தில் அயர்லாந்துக் காப்பாளர் பேக்கி பொன்னரின் கைக்குப் பந்து திரும்பத் திரும்பப் போனதை இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள். 1992 ஜூனில் டென்மார்க் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோதும், முன்னிலை கிடைத்ததும் பந்து பீட்டர் ஷ்மைக்கேலிடம் போய்க்கொண்டே இருந்தது. சக வீரர் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தைக் காப்பாளர் கையால் தொடக்கூடாது என்ற புதிய விதி அந்தக் கோடையிலேயே நடைமுறைக்கு வந்தது. பார்சலோனா ஒலிம்பிக்கில் உலகம் அதைப் பார்த்தது.

நம்முடைய ஆட்டக்காரர்கள் அதை ‘பெக் பாஸ்’ விதி என்றே சொல்கிறார்கள். விதியின் உடலில் அப்படியொரு சொல்லே இல்லை. பின்னால் போகிறதா முன்னால் போகிறதா என்பது விதிக்குப் பொருட்டல்ல. காலால், வேண்டுமென்றே, காப்பாளருக்கு என்ற மூன்றும்தான் கணக்கு. செல்லப்பெயர் விதியை விழுங்கிவிட்டதால் இரண்டு தவறுகள் பரவின. காப்பாளர் முன்னால் வந்து நின்று வாங்கினால் பிழையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். பாஸ் என்பது காலால் கொடுப்பது, ஆகவே த்ரோ அதில் சேராது என்று இன்னும் பலர்.

இரண்டாவது தவறு 1992க்கும் 1997க்கும் இடையில் தவறே அல்ல. கால் கதவு மூடியதும் எல்லோருக்கும் கைக் கதவு நினைவுக்கு வந்தது. முன்னிலையில் இருக்கும் அணி எல்லைக்கோட்டருகே பந்தை வைத்துக்கொண்டு, எதிராளியின் காலில் பட வைத்து வெளியேற்றி, த்ரோவை வாங்கி, அதைக் காப்பாளரின் கைக்குத் திருப்பி எறியும். 1931 முதல் அவருக்கு நான்கு அடி நடக்க அனுமதி இருந்தது. நடுவே நின்று யோசிக்கலாம், பந்தை உருட்டிவிட்டுப் பார்க்கலாம்.

1997இல் விதிப் புத்தகம் முழுவதும் திருத்தி எழுதப்பட்டபோது த்ரோவும் சேர்க்கப்பட்டது. பந்தை ஐந்தாறு விநாடிக்கு மேல் வைத்திருப்பது நேரவிரயம் என்பதும் அதே திருத்தத்தில் வந்தது. 2000இல் நான்கடிக் கணக்கு போய் ஆறு விநாடி நின்றது. 2025இல் அது எட்டு விநாடியாகி, மீறினால் மறைமுக ஃப்ரீ கிக்குக்குப் பதிலாகக் கோணர் கிக் என்றாயிற்று. ஆறு விநாடி விதியை அமல்படுத்தியவர்கள் அபூர்வம். தண்டனை பெரிதாக இருந்ததால் மத்தியஸ்தர்களுக்கு விசில் ஊத மனம் வரவில்லை.

ஒரு பாதணியின் அடி

1997 தடையின் விளைவை ஒரே நொடியில் காட்டிய ஆட்டம் 2002 செப்டெம்பர் 16ஆம் திகதி பர்மிங்ஹாம் நகரில் நடந்தது. அஸ்டன் வில்லாவின் ஒலொஃப் மெல்பெர்க் தன் காப்பாளர் பீட்டர் எங்கெல்மனுக்குப் பின்னோக்கி ஒரு த்ரோ எறிந்தார். எங்கெல்மன் அதைக் காலால் நிறுத்தப் போனார். பந்து பாதணிக்கு அடியால் நழுவி வலைக்குள் போய்விட்டது. பாதணி பந்தில் உரசியதா இல்லையா என்பதில்தான் எல்லாம் தொங்கியது. உரசாவிட்டால், தன் த்ரோ தன் கோலுக்குள்ளேயே நேராகப் போனதற்குக் கோணர் கிக் மட்டும். உரசியிருந்தால் கோல். மத்தியஸ்தர் டேவிட் எலரே கோல் என்றார். வில்லா 3–0 என்று தோற்றது.

இந்த ஆட்டத்தைச் சிரிப்புக்காகத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஆறே ஆறு ஆண்டு முன்னால் என்றால் எங்கெல்மன் குனிந்து பந்தை இரண்டு கையாலும் எடுத்திருப்பார் என்பதை யாரும் சொல்வதில்லை. கையை எடுத்துவிட்டுக் காலைக் கொடுத்தது விதி. அந்தத் தலைமுறைக் காப்பாளர்களின் கால்கள் அதற்காகப் பழக்கப்பட்டவை அல்ல. 2019இல் விதியில் கொஞ்சம் தளர்வு வந்தது. இப்படி வந்த பந்தைக் காப்பாளர் தெளிவாக உதைத்து வெளியேற்ற முயன்று, அது சரியாகப் படாமல் போனால், பிறகு கையால் எடுக்கலாம். எங்கெல்மன் செய்தது நிறுத்தப் பார்த்ததே தவிர உதைத்து வெளியேற்ற முயன்றதல்ல. இன்றைய விதியும் அவரைக் காப்பாற்றியிராது என்றே நினைக்கிறேன்.

ரக்பியில் இதன் எதிர்த்திசையைப் பாருங்கள். 2009 முதல், வெளியே போன பந்தை விரைந்து எடுத்து எறிபவர் தன் கோட்டுப் பக்கம் பின்னோக்கியும் எறியலாம், பின்னால் நிற்கும் சக வீரர் அதைக் கையால் வாங்கி ஓடலாம். கண்டியின் நித்தவெல ரக்பி மைதானத்தில் சனிக்கிழமை இதற்குக் கைதட்டும் பையன் ஞாயிற்றுக்கிழமை உருண்டைப் பந்தோடு அதையே செய்தால் விசில் ஊதுகிறார்கள். 1863இல் ஒன்றாக இருந்த த்ரோ, 146 ஆண்டு கழித்து ஒன்றில் திறந்தும் ஒன்றில் மூடியும் கிடக்கிறது.

கீழ்க்கோடு

தோட்டத்து மைதானங்களில் இந்த விதிக்கு வேறொரு கனமும் உண்டு. சரிவை வெட்டிச் சமப்படுத்திய மைதானத்தில் ஒரு பக்க எல்லைக்கோடு மண்மேட்டை ஒட்டியிருக்கும், மறுபக்கக் கோடு தேயிலைக்குள் இறங்கும். மேல்கோட்டால் போன பந்து மேட்டில் பட்டுத் தானாகத் திரும்பி வரும். கீழ்க்கோட்டால் போன பந்து நாலைந்து நிரை தாண்டிக் கானுக்குள் நிற்கும். எடுக்கச் சின்னப் பையன்கள் கீழே காத்திருப்பார்கள். ஆகவே ஒரு கோல் முன்னால் இருக்கும் அணிக்குக் கீழ்க்கோடு ஒரு சேமிப்புப் புத்தகம். 1997க்கு முன்னால் அதில் வட்டியும் கிடைத்தது: பந்து வர இரண்டு நிமிடம், வந்ததும் காப்பாளரின் கைக்கு எறிந்து இன்னும் அரை நிமிடம்.

நாவலப்பிட்டிப் பக்கம் அப்படியொரு மைதானத்தில், மழை விட்டும் விடாத ஒரு பிற்பகல், நான் கீழ்க்கோட்டருகே குடையோடு நின்றிருந்தேன். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும். ஒன்றுக்குப் பூச்சியம் என்று முன்னால் இருந்த அணியின் இடதுபக்கப் பின்கள வீரன், பதினேழு பதினெட்டு வயதுப் பையன், கீழேயிருந்து வந்த ஈரப் பந்தைச் சட்டையில் துடைத்தான். முன்னால் இரண்டு பேர் மறித்து நின்றார்கள். திரும்பிப் பார்த்தான். காப்பாளர் கையைக் காட்டினார். சுத்தமான த்ரோ, இரண்டு காலும் தரையில், பந்து தலைக்குப் பின்னாலிருந்து வந்தது. காப்பாளர் நெஞ்சுயரத்தில் பிடித்து அணைத்துக்கொண்டார். விசில்.

“சேர், காலால குடுத்தாத் தானே பெக் பாஸ்? நான் கையால தானே சேர் போட்டேன்?”

பையன் பொய் சொல்லவில்லை. 1996இல் அவன் சொன்னது சட்டம். மத்தியஸ்தர் பேசாமல் ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, காப்பாளர் பந்தைப் பிடித்த இடத்தைக் காட்டினார். கோல் கோட்டிலிருந்து எட்டு மீற்றர்கூட இல்லை. பத்து யார் விலக இடமில்லாததால் பதினொரு பேரும் கம்பங்களுக்கு நடுவே கோட்டின் மேலேயே போய் நின்றார்கள். அட்டை எதுவும் காட்டவில்லை, விதியும் கேட்கவில்லை. எதிரணியின் முன்கள வீரன் நாலடி பின்னால் போய் ஓடி வந்து முழுப் பலத்தோடு உதைத்தான். பந்து எல்லோர் தலைக்கும் மேலால், மேல்கம்பத்துக்குக் கீழால், ஒரு விரல்கூடப் படாமல் உள்ளே போனது. அணி முழுவதும் அவன்மேல் விழுந்தது. மேட்டிலிருந்த ஆட்கள் சத்தம் போட்டார்கள்.

மத்தியஸ்தரின் கை இன்னும் இறங்கவில்லை. மறைமுக ஃப்ரீ கிக் இன்னொருவர் மேல் படாமல் கோலுக்குள் போனால் கோல் இல்லை, கோல் கிக். அவர் மெதுவாகக் கையை இறக்கி ஆறு யார் கோட்டைக் காட்டியபோது எழுந்த கூச்சலில் என் பக்கத்தில் நின்ற பெரியவர், “ஒருத்தன் தொட்டிருக்கணும், ஒருத்தன் தொட்டிருக்கணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

காப்பாளர் பந்தை வைத்தார். இடதுபக்கப் பையன் பெனல்டி எல்லைக்குள்ளேயே அவருக்கு அருகில் வந்து நின்றான். 2019 முதல் கோல் கிக்கை அந்த எல்லைக்குள்ளேயே வாங்கலாம், அது அவனுக்குத் தெரிந்திருந்தது. நெற்றியைத் தொட்டுக் காட்டி மத்தியஸ்தரைப் பார்த்துக் கேட்டான்:

“இப்ப அவர் எனக்குத் தூக்கிப் போட்டு, நான் தலையால குடுத்தா, கையால பிடிக்கலாமா சேர்?”